தோத்தவங்கதான் ரூல்ஸ் எடுக்கணும்

சின்ன ரூல்ஸ்னு டைப் பண்ணேன், அழிச்சேன், பெரிய ரூல்ஸ்னு டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன், இப்ப கட்டம் காலியா இருக்கு, கோடு மட்டும் நின்னு நின்னு மினுக்குது, அதுக்கு மேல நூர்தீன் வேலை பாக்குற ஜெராக்ஸ் கடையில இருந்து காலையில அனுப்பினது, "மோனி, மத்தியானத்துக்குள்ள சொல்லு, அப்பதான் மிஷின் ஃப்ரீ, அப்புறம் காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் பைண்டிங்னு வந்து கடையை மொய்ச்சிருவானுங்க", சொல்றேன்டா, சொல்றேன், ஒரு நிமிஷம், "டோக்கன் பதினொண்ணு, பதினொண்ணு யாரு, வாங்கம்மா, டாக்டர் சீட்டு குடுங்க, வயிறு ஸ்கேனா, காலையில என்ன சாப்பிட்டீங்க, ஒண்ணும் சாப்பிடலையா, டீ, சரி டீ மட்டும், பிஸ்கட்டா, அதுவும் சாப்பாடுதாம்மா, உக்காருங்க, மேடத்துகிட்ட கேட்டுச் சொல்றேன்." இன்னைக்கு கவுண்டர்ல நான் மட்டும்தான். ஜமுனா அக்கா தங்கச்சி வளைகாப்புக்குப் போயிருக்கு, நேத்தே போயிருச்சு, அதனால பில்லும் நான், டோக்கனும் நான், லேண்ட்லைனும் நான், ரிப்போர்ட்டைக் கவர்ல போட்டு பேர் எழுதுறதும் நான், கால் ரெண்டும் செருப்புக்குள்ள பன்னு மாதிரி ஊதிக் கிடக்கு, கழுத்துக்குப் பின்னால ஈரப் போர்வையைப் போட்ட மாதிரி ஒரு கனம், உக்காரலாம், ஸ்டூல் இருக்கு, ஆனா உக்காந்தா இந்த கவுண்டர் உயரத்துக்கு என் தலை மட்டும்தான் தெரியும், தலை மட்டும் தெரிஞ்சா யாரும் பயப்பட மாட்டாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. இவ்வளவு கனத்துலயும் இந்த ஒரு முடிவுதான் பெரிய கனமா இருக்கு. சிரிப்பாத்தான் இருக்கு. விண்கப்பல் சண்டை, மேசை மேல வச்சு ஆடுறது, அதுக்கு எந்த ரூல்ஸ் புக்கை எடுக்குறதுன்னு ஒரு முடிவு, இதை அம்மாகிட்ட சொன்னா "இருபத்திநாலு வயசு"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிரும், மிச்சத்தை நானே நிரப்பிக்கணும்.

ஆனா கப்பல்னு நினைச்சாலே போதும், தூங்கிக்கிட்டிருந்த மண்டை எந்திரிச்சு உக்காந்துக்குது, அது என்ன மாயமோ. நூர்தீன் வீடு அவங்க அத்தா வச்சிருக்க மெத்தைக் கடைக்கு மேல, மாடி ஹால்ல யாரோ கழிச்சுக் கட்டின டேபிள் டென்னிஸ் மேசை, அது மேல மெத்தைக்கு அடியில தைக்கிற கறுப்புத் துணி, அந்தத் துணியில எங்க கூட ஆடுற சேவி பழைய பல் பிரஷ்ஷை வெள்ளை பெயிண்ட்ல முக்கி விரலால சுண்டிச் சுண்டி நட்சத்திரம் பண்ணான், பண்ணும்போது நூர்தீன் மூக்குலயும் ஒரு நட்சத்திரம், அது ஒரு வாரம் போகல, தொழப் போன இடத்துலயும் பெரியவங்க கேட்டாங்களாம். கப்பலெல்லாம் நாங்களே பண்ணது. பேனா மூடி, பேஸ்ட் மூடி, உடைஞ்ச இயர்ஃபோன், எல்லாத்தையும் எம்-சீல் வச்சு ஒட்டி, சாம்பல் கலர் அடிச்சு, தூரத்துல இருந்து பாத்தா சத்தியமா கப்பல்தான். பெரிய ரூல்ஸ் இருக்கே, அது நிஜ வானம் மாதிரி. வண்டியில ஆக்ஸிலேட்டரை விட்டா வண்டி மெதுவாயிரும்ல, அங்க ஆகாது, காத்து இல்ல, ரோடு இல்ல, எதுவும் பிடிச்சு நிறுத்தாது, போன வேகத்துல போய்க்கிட்டே இருக்கும், பிரேக்கே கிடையாது! நிக்கணும்னா கப்பலை அப்படியே திருப்பி எதிர்ப்பக்கம் பாத்து எஞ்சினைப் போடணும், முன்னால போய்க்கிட்டே பின்னால பாத்து எரிக்கணும், இதை முதல்ல படிச்சப்ப நான் பஸ்ல இருந்தேன், ஸ்டாப்பிங்கை விட்டுட்டேன். அதனால ஒவ்வொரு கப்பலுக்கும் முன்னால ஒரு பட்டன் வைப்போம், சட்டை பட்டன், நீ ஒண்ணுமே பண்ணாம சும்மா விட்டா கப்பல் அடுத்து எங்க போய் நிக்குமோ அந்த இடத்துல பட்டன், எஞ்சின் போட்டா பட்டனைத் தள்ளி வைப்போம், அப்புறம் கப்பல் பட்டனுக்குப் போகும், பட்டன் அதே தூரம் முன்னால தாவும், கப்பல் துரத்தும், பட்டன் தாவும். எண்பது பக்கம் ரூல்ஸ். ஒரு சண்டை முடிய ஒரு ஞாயித்துக்கிழமையே போயிரும். சின்ன ரூல்ஸ் நாலே பக்கம். அதுல கப்பல் கார் மாதிரி, திரும்புன்னா திரும்பும், நில்லுன்னா நிக்கும், கணக்கே இல்ல, ஆளுக்கு ஒரு கார்டுல என்ன பண்ணப் போறோம்னு எழுதிக் கவுத்து வைப்போம், வச்சிட்டு எல்லாரும் ஒண்ணா திருப்புவோம், டமால், ஒரு மணி நேரத்துல ரெண்டு சண்டை. யாரைக் கேட்டாலும் சின்னதுதான் ஈசின்னு சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். "அண்ணே, தண்ணி அங்க ட்ரம்ல இருக்கு, கப் பக்கத்துல, நல்லா குடிங்க, முட்டுற வரைக்கும் குடிங்க, முட்டினப்புறம் சொல்லுங்க."

சேவி விழாம இருந்திருந்தா இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. சேவியர், பாய்லர் பார்ட்ஸ் செய்யுற கம்பெனியில டிராயிங் போட்டுக்கிட்டிருந்தான், பெரிய ரூல்ஸை எங்களுக்குக் கொண்டு வந்ததே அவன்தான், அந்த எண்பது பக்கத்தையும் படிச்சிட்டு வந்து கண்ணு பளபளன்னு "மோனி, இதுல வானத்துக்கு மரியாதை குடுத்திருக்கான்"னு சொன்னான், கப்பல் மேசை ஓரத்தைத் தாண்டினா செத்துச்சுன்னு புக்குல போட்டிருந்துச்சு, அதுக்கு மட்டும் அவன் ஒத்துக்கவே இல்ல, "வானத்துக்கு ஏதுடா ஓரம், மேசைக்குத்தான் ஓரம்"னு நூர்தீனோட ஒரே சண்டை, அதுல இருந்து எங்க வழக்கம், யாரு கப்பலாவது ஓரத்துக்குப் போச்சுன்னா மிச்ச எல்லாக் கப்பலையும் பட்டனையும் ஒரு ஜாண் அந்தப் பக்கமா நகர்த்திருவோம், ஒருத்தன் விழாம இருக்க வானமே தள்ளிக்கும். அப்பேர்ப்பட்டவன். ஆபீஸ் விட்டு வர்ற வழியில நாய் குறுக்க வந்துச்சு, அவன் நாயை விட்டுட்டான், வண்டி அவனை விட்டுருச்சு, தலையில அடி. இப்ப நல்லாத்தான் இருக்கான். நடக்குறான், சாப்பிடுறான், ஜோக் அடிக்கிறான், எங்க எல்லாரையும் தெரியுது, ஸ்கூல்ல மிஸ்ஸு பேரெல்லாம் சொல்றான், ஆனா இப்ப இப்ப நடந்தது மட்டும் நிக்க மாட்டேங்குது, சல்லடையில தண்ணி மாதிரி. இங்க ஸ்கேன் பாக்குற டாக்டர் மேடத்துகிட்ட, பேர் சொல்லாம, தெரிஞ்சவங்க ஒருத்தருக்குன்னு கேட்டேன், மேடம் ஸ்கிரீன்ல இருந்து கண்ணை எடுக்காமலே "மூளை நம்ம அவசரத்துக்கு வேலை செய்யாதும்மா, வரும், எவ்வளவு வரும்னு யாரும் சொல்ல முடியாது"ன்னாங்க, அந்த 'எவ்வளவு'ல நான் இன்னமும் மாட்டிக்கிட்டிருக்கேன், ரிப்போர்ட் கவர்ல பேர் எழுதும்போதெல்லாம் அது வருது, எவ்வளவு, எவ்வளவு.

போன ஞாயித்துக்கிழமை. திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிக்குறேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் சேவி முதல் தடவையா மாடி ஏறினான், நூர்தீன் கையைப் பிடிக்கப் போனான், "விடுடா, கால் நல்லாத்தான் இருக்கு, மாடிதான் ஒரு மாதிரியா இருக்கு"ன்னான், சிரிச்சோம். நூர்தீன்தான் சின்ன ரூல்ஸை எடுத்து வச்சிருந்தான், சும்மா ட்ரையல், கை பழகுறதுக்குன்னு. நல்லாத்தான் போச்சு. அப்புறம் அந்த ரவுண்டு. எல்லாரும் எழுதிக் கவுத்து வச்சோம், கீழே இருந்து நூர்தீன் உம்மா டீ குடுத்து விட்டாங்க, கூட சமோசா, நாங்க வெங்காய சமோசாவா உருளைக்கிழங்கு சமோசாவான்னு கொஞ்ச நேரம் பேசினோம், அவ்வளவுதான், கொஞ்ச நேரம்தான், அப்புறம் கார்டைத் திருப்பினோம், சேவி கார்டுல வலதுன்னு அவன் கையெழுத்துல இருக்கு, அவன் அதைப் பாக்குறான், கப்பலைப் பாக்குறான், "யாரு இது வச்சது?"ன்னு கேட்டான். ஜோக்குன்னு நினைச்சு நான் சிரிச்சுட்டேன். நூர்தீனும் சிரிச்சான். சேவியும் சிரிச்சான், ஆனா ஒரு நொடி லேட்டா, நாங்க சிரிக்கிறதைப் பாத்துட்டு. வலது பக்கம் திரும்பினா நேரா என் பீரங்கிக்கு முன்னால வருது கப்பல். நான் சுட்டேன். எங்க மேசையில யாருக்கும் யாரும் விட்டுக் குடுத்ததே இல்ல, விட்டுக் குடுத்தா அது இன்னும் அசிங்கம்னு கை தானாவே டைஸை எடுத்துருச்சு, ஆறு விழுந்துச்சு, அந்த பேஸ்ட் மூடிக் கப்பல் காலி. அவன் எந்திரிச்சு பாத்ரூம் போனான். ரொம்ப நேரம் வரல. தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வந்தப்ப மூஞ்சியெல்லாம் ஈரம், "அடுத்த வாரம் நீங்க ஆடுங்க, நான் சும்மா உக்காந்து பாக்குறேன், ஸ்கோர் போடுறேன்"ன்னான். ஸ்கோர் போடுறானாம். எங்க ஆட்டத்துல ஸ்கோரே கிடையாது. சும்மா பாக்குறவங்க ரெண்டு வாரம் பாப்பாங்க, மூணாவது வாரம் ஃபேன் காத்து ஒத்துக்கலன்னு வர மாட்டாங்க, அப்புறம் அவ்வளவுதான், எனக்குத் தெரியும், ரோஸ்லின் ஆன்ட்டி, அவன் அம்மா, ஃபோன்ல சொன்னாங்களே, "ஞாயித்துக்கிழமை ஒண்ணைத்தாம்மா அவன் கேட்டுக் கேட்டு ஞாபகம் வச்சிருக்கான், மத்த கிழமையெல்லாம் அவனுக்கு ஒரே கிழமை."

"பாப்பா, முட்டிருச்சு." லாரி ஷெட் அண்ணன். தண்ணி குடிக்கச் சொன்னேனே அவர். "எவ்வளவு குடிச்சீங்கண்ணே?" "எவ்வளவுன்னா, நெறய." "கப்பைக் காமிங்க." தூக்கிக் காமிச்சாரு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி, முழங்கை உயரத்துக்கு ஒரு கோபுரம். "அண்ணே, போதும்ணே, இதுக்கு மேல குடிக்காதீங்க." "போதும்னா உள்ள விடு பாப்பா, இல்லன்னா உங்க ஹாலுக்கு நான் பொறுப்பில்ல." "உள்ள ஒருத்தர் இருக்காங்க, அடுத்தது நீங்கதான், கொஞ்சம் நடங்க, சிரிக்காதீங்க, இருமாதீங்க." இந்தக் கப்பு வேலை என்னோடது. முன்னாடியெல்லாம் எவ்வளவு குடிச்சீங்கன்னு வாயில கேப்பேன், ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லுவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, பயத்துல உக்காந்திருக்கவங்களுக்கு என்ன குடிச்சோம்னே நிக்காது, உள்ள போய் படுத்தா மூத்திரப் பை நெறஞ்சிருக்காது, மேடம் என்னைத் திட்டுவாங்க, அதனால குடிச்ச கப்பைத் தூக்கிப் போடாதீங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடியிலயே வச்சிருங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அப்புறம் நான் யாரையும் கேக்குறதில்ல, மடியைப் பாத்தா போதும். ஜமுனா அக்கா முதல்ல "என்னடி இது, டீக்கடை கணக்கு"ன்னு சிரிச்சுச்சு, இப்ப அதுவும் கப்பைத் தூக்கிப் போடாதீங்கன்னுதான் சொல்லுது. அந்த மூலையில உக்காந்திருக்க புதுப் பொண்ணோட மாமியார் எந்திரிச்சு வர்றாங்க, "எம் மருமகளுக்கும் முட்டிருச்சு பாப்பா, கப்பு கப்பா குடிச்சுட்டா, நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்", பொண்ணு மடியில ரெண்டே ரெண்டு கப்பு, பொண்ணு என்னைப் பாக்குறா, மாமியாரைப் பாக்குறா, "இல்லக்கா, எனக்கும் குடிச்ச மாதிரிதான் இருக்கு", "இன்னும் மூணு கப் குடிச்சிட்டு வாம்மா"ன்னேன், மாமியார் கப்பைப் பாத்தாங்க, ட்ரம்முக்குப் போனாங்க.

எங்க விட்டேன். சின்னதா பெரிசா. நூர்தீன் இன்னொண்ணு அனுப்பியிருக்கான், "சின்னதுதானே? இதுக்கு ஏன்டீ பொதுக்குழு கூட்டுற? அவனுக்கும் அதுதான் ஈசி." அவனுக்கும் அதுதான் ஈசி. அங்கேதான் குத்துது. சின்னதை எடுத்தா சேவிக்குத் தெரிஞ்சுரும், பெரிய ரூல்ஸைத் தலையில வச்சு ஆடினவங்க திடீர்னு நாலு பக்கத்துக்கு ஏன் இறங்கினாங்கன்னு அவனுக்குத் தெரியாதா, நேத்து நடந்தது மறக்கலாம், நாங்க யாருன்னு மறக்கலையே, எனக்காகத்தான்னு புரிஞ்சு, நல்லா இருக்குடான்னு சொல்லி, சிரிச்சு, அடுத்த வாரம் ஸ்கோர். பெரிசை எடுத்தா எண்பது பக்கம், எஞ்சின் கணக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு எரிச்சோம், எதிரி எவ்வளவு, நடுவுல டீ வரும், சமோசா வரும், சேவி மேசையைப் பாப்பான், கோடு கோடா, பட்டன் பட்டனா, ஒரு காலத்துல இதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே ஆடினவன், இப்ப வழி தெரியாம எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தா நான் என்ன பண்ணுவேன், அந்த ஒரு நொடி லேட்டான சிரிப்பு மறுபடி வந்தா, அதை நான் எடுத்த ரூல்ஸ் கொண்டு வந்ததா ஆகாதா. ரெண்டு பக்கமும் யோசிச்சு யோசிச்சு, ஒரு பக்கம் எரிச்சதை இன்னொரு பக்கம் எரிச்சு நிறுத்திக்கிட்டு, நடுவுல நான் மட்டும் நிக்குறேன், கட்டம் காலியா, கோடு மினுக்கிக்கிட்டு. பேசாம யாராவது எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கும். நூர்தீன் எடுக்கட்டும். எடுக்க மாட்டான், தோத்தவங்கதான் எடுக்கணும், அது எங்க முதல் சட்டம், ஜெயிச்சவங்க எடுத்தா திரும்பத் திரும்ப ஜெயிக்கிற ரூல்ஸையே எடுப்பாங்கன்னு, தோத்தவங்க எடுப்பாங்க, மத்த ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே கூடாது, திறந்தா டீச் செலவு அவங்களோடது. சேவி விழுறதுக்கு முன்னாடி நடந்த கடைசி பெரிய சண்டையில தோத்தது நான், அதனாலதான் இது என் தலையில. நான் தோத்தேன், நான் எடுக்குறேன், சரிதான். கடைசியா தோத்தது நான்தான்.

இல்லயே.

கடைசியா தோத்தது நான் இல்லயே. கையில ஒரு ரிப்போர்ட் கவர், பாதிப் பேர் எழுதியிருக்கேன், பேனா அப்படியே நிக்குது. போன ஞாயித்துக்கிழமை தோத்தது சேவி. என்கிட்ட. ஆறு விழுந்து. அவன் பாத்ரூம்ல இருக்கும்போது நூர்தீன் மெதுவா, "இது ட்ரையல்டீ, கணக்குல வராது, ரூல்ஸை நீயே எடுத்துரு"ன்னான், நான் தலையாட்டினேன், சேவி வெளிய வந்தப்ப கப்பல் எல்லாத்தையும் டப்பாவுல போட்டாச்சு. கணக்குல வராதாம். எங்க மேசையில என்னைக்கு எது கணக்குல வராம இருந்திருக்கு? நூர்தீன் காய்ச்சல்ல போர்வையைப் போத்திக்கிட்டு ஆடி தோத்தான், அது கணக்கு, பல்லு கடகடன்னு நடுங்க நடுங்க அவனேதான் அடுத்த ரூல்ஸை எடுத்தான். நடுவுல கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நான் தப்பா அளந்து தோத்தேன், அதுவும் கணக்கு. சேவி தோத்தது மட்டும் கணக்குல வரல. அவனைக் காப்பாத்துறதா நினைச்சு அவன் தோத்ததையே எடுத்து ஒளிச்சு வச்சிட்டோம், தோத்தா கிடைக்கிற ஒரே சாமானையும் சேத்து. காலையில இருந்து, இல்ல, திங்கக்கிழமையில இருந்து நான் அவனுக்கு எது நல்லதுன்னு மண்டையை உடைக்கிறேன், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவனைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், மேடத்துகிட்ட கூட. கேட்டா அவனுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு. யாருக்குக் கஷ்டம். "டோக்கன் பன்னெண்டு, அண்ணே, நீங்கதான், ஓடாதீங்க, நடந்து போங்க, நடந்து", லாரி ஷெட் அண்ணன் கோபுரத்தை என் கவுண்டர் மேல வச்சிட்டு காலை இடுக்கிக்கிட்டு நடந்து உள்ள போயிட்டாரு.

சேவிக்குத் தனியா டைப் பண்ணேன். அழிக்கல. "சேவி. போன ஞாயிறு நீ தோத்த." ரெண்டு டிக், நீலம். டைப் பண்றான்னு காட்டுது, நிக்குது, மறுபடி காட்டுது. "நானா? யார்கிட்ட?" அவனுக்கு ஞாபகம் இல்ல. நாங்க பொத்திப் பொத்தி மறைச்சது அவன்கிட்ட இல்லவே இல்ல, என்கிட்ட மட்டும்தான் இருந்திருக்கு. "என்கிட்ட." "உன்கிட்டயா? சத்தியமா?" "சத்தியமா. சின்ன ரூல்ஸ். கார்டுல வலதுன்னு எழுதிட்டு நீ வேற என்னமோ நினைச்சுட்ட. நேரா என் முன்னாடி வந்து நின்ன. சுட்டுட்டேன்." லேண்ட்லைன் அடிக்குது, எடுத்து "ஸ்கேன் சென்டருங்க, காலையில வெறும் வயித்துல வாங்க"ன்னு வச்சேன், ஆம்பளையா பொம்பளையா பேசினாங்கன்னு கூட தெரியல. "தலையில கட்டுப் போட்டவன்னு கூட பாக்காம சுட்டியா." "பாக்கல." "நல்ல வேளை. பாத்திருந்தா இனிமே உன்கூட ஆடவே வர மாட்டேன்." எனக்குக் கண்ணு ரெண்டும் எரியுது, தூக்கம் பத்தலன்னு வச்சுக்கலாம். "அதனால ரூல்ஸ் நீதான் எடுக்கணும். நான் இல்ல. தோத்தவங்கதான்." அனுப்பிட்டு ஃபோனை கவுண்டருக்கு அடியில கவுத்து வச்சேன், உடனே என்னமோ பயம் வந்து திருப்பி வச்சேன்.

"பெரிய ரூல்ஸ்." எவ்வளவு சீக்கிரம்! யோசிக்கவே இல்ல, கழுதை. நான் என்னமோ கேக்கணும்னு கையை வச்சேன், நிச்சயமான்னோ, முடியுமான்னோ, அதுக்குள்ள அவனே எழுதிட்டான், ஒவ்வொண்ணா வருது. "கார்டு வேணாம் மோனி. கவுத்து வச்சா எனக்கு அது இல்ல. வீட்டுலயும் அப்படித்தான். அம்மா சாம்பாரை மூடி வச்சா சாம்பார் வைக்கலன்னு நினைச்சுட்டு சண்டைக்குப் போறேன். மூடாம வையுங்கன்னு சொல்லிருக்கேன், ஈ மொய்க்குதுன்னு திட்டு." அப்புறம், "பட்டன்னா கண்ணு முன்னாடி உக்காந்திருக்கும். எங்க இருக்கேன், எங்க போறேன், ரெண்டும் துணி மேலயே இருக்கும். நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?" நான் அதைப் படிச்சிட்டு நிமிந்தேன். கவுண்டர் மேல அந்த அண்ணனோட பேப்பர் கப் கோபுரம், கொஞ்சம் சாஞ்சு, அடியில ஒரு சொட்டு ஈரத்தோட. மூலையில புதுப் பொண்ணு மடியில இப்ப அஞ்சு கப்பு. காலையில இருந்து இதையேதான் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன், தூக்கிப் போடாதீங்க, மடியிலயே வையுங்கன்னு. எண்பது பக்கம் கஷ்டம், நாலு பக்கம் ஈசின்னு பக்கத்தை எண்ணிக்கிட்டு நின்னிருக்கேன் நான்.

குரூப்ல போட்டேன், "பெரிய ரூல்ஸ். எண்பது பக்கம். நான் எடுக்கல, போன வாரம் தோத்தவன் எடுத்தான்." நூர்தீன் உடனே, "ஏய் அது ட்ரையல்னு சொன்னேன்ல." "காய்ச்சல்ல நீ தோத்தது?" டைப் பண்றான், டைப் பண்றான், ஒரு கட்டுரையே வரப் போகுதுன்னு பாத்தா, "சரி. நான் வாயைத் திறக்கல." அதுக்கு அடியில சேவி, "திறந்துட்ட. டீச் செலவு உன்னோடது." நூர்தீன் கையெடுத்துக் கும்பிடுற பொம்மை போட்டுட்டு பிரிண்ட் எடுக்கப் போயிட்டான். கால் வலி அப்படியேதான் இருக்கு. கழுத்துல ஈரப் போர்வை அப்படியே. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்னும் நாலு பேரு இருக்காங்க, ஜமுனா அக்கா நாளைக்கும் லீவுன்னு மெசேஜ் போட்டிருக்கு, வளைகாப்பு ரெண்டு நாளாம், யாரு வீட்டுல ரெண்டு நாள் வளைகாப்பு பண்றாங்களோ. லாரி ஷெட் அண்ணன் வெளிய வந்து நேரா டாய்லெட்டுக்கு ஓடினாரு, கதவு சாத்துற சத்தம், ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, மாமியார் கூட. புதுப் பொண்ணு மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க"ன்னா.

கவர்ல மிச்சப் பேரை எழுதி முடிக்கும்போது ஃபோன் அதிர்ந்துச்சு. சேவி. "மோனி, ஞாயித்துக்கிழமைக்கு எந்த ரூல்ஸ்னு முடிவாச்சா?"

கை நின்னுருச்சு. உள்ள எல்லாமே நின்னுருச்சு, அப்படியே மிதக்குது. சரி. திரும்பச் சொல்லலாம். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம், அதுக்கென்ன, பெரிய ரூல்ஸ்டான்னு டைப் பண்ண விரலை வைக்கிறேன், அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு.

"மேல இருக்கு. பாத்துட்டேன்."

அதுக்கு அடுத்தது.

"என்னையவா சுட்ட? ஞாயித்துக்கிழமை நீ செத்த."

"டோக்கன் பதிமூணு"ன்னு கூப்பிட்டேன், எனக்கே தெரியாம கொஞ்சம் சத்தமாவே வந்துருச்சு, ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, "வாம்மா, நீதான், கப்பை இங்க குடுத்துட்டுப் போ."